பச்சை காட்டிய பக்கம்

ஈரக்கையோடு தொட்டால் செல்போன் நாம் சொல்வதைக் கேட்காது ஐயா. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். வாய்க்காலில் கிடக்கிற எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது கவிப்ரியா பாப்பாதான்.

தங்கையன் செத்ததற்குத் தான் எழுதிய வெப்சைட்தான் காரணம் என்று அந்தப் பெண் ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. முதலில் நீங்கள் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். "செல்லுல பச்சை காட்டுச்சு, தெறந்தேன்" என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் அது முழுசும் இல்லை. அதனால் இதை நானே எழுதித் தருகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். தலை நரைத்த பிறகு கற்றுக்கொண்டது.

என் பேர் வீரையன். திருவிடைமருதூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர் வாய்க்காலின் தலைமதகைத் திறந்து மூடுவது என் வேலை. இரும்புச் சக்கரத்தைத் திருப்பினால் பலகை ஏறும், தண்ணீர் போகும். கூலி பாசன சங்கம் கொடுப்பது. பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்று காய்கிற நேரத்தில் எவ்வளவு பெரிய மிராசு வீட்டு ஆளாக இருந்தாலும் கரைக்கு வந்து நின்று, "வீரையண்ணே, கொஞ்சம் பாத்து விடுங்க" என்பார். மற்ற நாளில் "டேய் வீரையா"தான். தண்ணீருக்கு மட்டும் அண்ணன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முறை வைப்பதில் சண்டை வருகிறது என்று சங்கத் தலைவர் ரெங்கசாமி தன் மகளிடம் சொல்லியிருக்கிறார். கவிப்ரியா கம்ப்யூட்டர் படித்த பெண். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறது. யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைச் செல்லிலேயே காட்டும் வெப்சைட் ஒன்றை ஊருக்காகச் சும்மாவே எழுதித் தருகிறேன் என்றது.

"எந்த மொழியில பாப்பா எழுதுற?" என்று கேட்டேன்.

"பைத்தான்ங்க ஐயா."

பக்கத்தில் நின்ற தங்கையன் சிரித்தான். "வரப்புல கெடக்குற பாம்பு பத்தாதுன்னு செல்லுக்குள்ள வேற விடுறியாம்மா?"

தங்கையன் வாய்க்கால் தூர் எடுக்கிறவன். வாய் ஓயாது. கெட்டவன் இல்லை.

வெப்சைட்டைச் சோதிக்க அந்தப் பெண் என்னைத்தான் கூப்பிட்டது. "எழுதினவங்க கண்ணுக்கு அவங்க தப்பு தெரியாதுங்க ஐயா. நீங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறீங்க. உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும். எங்க உடையுதுன்னு தேடிச் சொல்லுங்க" என்றது. ஓடுகிற வெப்சைட்டில் கை வைக்கக் கூடாது, அதே மாதிரி இன்னொன்றைத் தனியாக வைத்து அதில்தான் உடைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. என்னை யாரும் அதுவரை எதையும் உடைத்துப் பார்க்கச் சொன்னதில்லை.

உடைத்தேன். காலை ஆறு மணி முறையை அது நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டியது. "செர்வர் லண்டன் நேரத்துல இருக்குங்க ஐயா, நம்ம நேரத்துக்கு மாத்தாம விட்டுட்டேன்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டது. இன்னொரு நாள், நிலம் எவ்வளவு என்று கேட்ட கட்டத்தில் நான் "மூணு மா" என்று அடித்தேன். எங்கள் பக்கம் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம். அந்தக் கட்டமோ வெறும் எண்ணுக்குக் காத்திருந்திருக்கிறது. உடனே மஞ்சள் பக்கம் ஒன்று விரிந்தது. அந்தப் பெண் எழுதிய வரிகள் குடல் சரிந்த மாதிரி வெளியே கிடந்தன. பார்த்ததும் அது செல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

"தப்பு எங்கன்னு எனக்குக் காட்டுற 'டீபக்' வசதிய அணைக்காம விட்டுட்டேன். வேத்தாள் பாத்திருந்தா, சாவிய வாசல்ல மாட்டிட்டுப் போன கதைதான். நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க."

இப்படிச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் இரண்டு காரியம் செய்தது. இரண்டும் நல்லதற்குத்தான். மதகுக்குக் கீழே, சாலைக்கு அடியில், சிமென்ட் குழாய் ஒன்று போகிறது. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் ஆள் உள்ளே ஊர்ந்து போய்த்தான் இழுத்துப் போட வேண்டும். போகிறவர் தன் செல்லில் 'ஆள் உள்ளே' என்று அமுக்கினால் என் செல்லில் சிவப்பு காட்டும். வெளியே வந்து எடுத்துவிட்டால் பச்சை. பச்சை இருந்தால்தான் மதகைத் திறக்கலாம் என்று சங்கத்தில் சட்டமே போட்டார்கள். இது ஒன்று.

இன்னொன்று எனக்காகச் செய்தது. கரையில் டவர் சரியாகக் கிடைக்காது என்று நான் சொல்லியிருந்தேன். நெட் இல்லாவிட்டாலும் கடைசியாகப் பார்த்த பக்கம் செல்லிலேயே நிற்கும்படி வைத்துக் கொடுத்தது.

அன்று சாயங்காலம் நெட்டை அணைத்துவிட்டு, தங்கையனை அவன் செல்லில் அமுக்கச் சொல்லிப் பார்த்தேன். அவன் செல்லில் சிவப்பு. என்னுடையதில் பச்சை அப்படியே நின்றது. அது பழைய பக்கம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. லண்டன் நேரம், மஞ்சள் பக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இது என்று உடனே புரிந்துவிட்டது.

"வேற ஏதாவது இருக்குங்களா ஐயா?" என்று கவிப்ரியா கேட்டது.

"ஒன்னும் இல்லம்மா. நல்லா இருக்கு."

அப்போது எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒன்றாவது என் கையில் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வைத்துக்கொண்டேன்.

குறுவைக்குத் தண்ணீர் வந்தது. வெப்சைட் ஒழுங்காக ஓடியது. சண்டை நின்றது. கரைக்கு ஆள் வருவதும் நின்றது. வண்டியில் போகிறபடியே, "வீரையா, செல்லுல போட்டிருக்கு, பாத்துத் தெற" என்றுவிட்டுப் போனார்கள். டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தவர்கள் நகரவில்லை. தங்கையன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்னண்ணே, இனிமே நீ பட்டன அமுக்குற ஆளா, பட்டன் ஒன்ன அமுக்குற ஆளா?" நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

வெப்சைட் ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்கத் தப்புச் செய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் நினைத்தேன். செல்லை நம்பினது போதும், வீரையன் பார்த்து விடட்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

குழாய் அடைத்திருக்கிறது, காலையில் இறங்கப் போகிறேன் என்று தங்கையன் முதல் நாளே சொல்லியிருந்தான். விடிந்ததும் வீட்டில் பக்கத்தைத் திறந்தேன். பச்சையாக இருந்தது. அவன் இன்னும் இறங்கவில்லை. நெட்டை அணைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். அன்று டவர் கிடைத்தது ஐயா, நன்றாகவே கிடைத்தது. நீங்கள் விசாரித்தபோது இல்லை என்றேன்.

அவன் சட்டை காட்டாமணிச் செடிமேல் கிடந்தது. செருப்பு ஓரமாக இருந்தது. 'ஆள் உள்ளே' என்று அமுக்கிவிட்டுக் குழாய்க்குள் போயிருந்தான். நனைந்துபோய், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு மறுபக்கம் வெளியே வருவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுபக்கம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது எனக்குத் தெரியும். அதை எடுக்கத்தானே அவன் போனான். பலகை ஏறினால் அந்தக் குழாயில் தண்ணீர் எந்த வேகத்தில் பாயும் என்பது என்னைவிடத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை.

தங்கையன் உடலை வெளியே எடுத்துப் போட்ட மறுநாள் கவிப்ரியா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதது. "பழைய பக்கம்னா பச்சை காட்டவே கூடாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே ஐயா. அந்த ஒரு வரிய எழுதாம விட்டுட்டேனே. நீங்க சோதிக்கும்போது இப்படி நடக்கலைங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப நான்தான் கொன்னுட்டேன்" என்றது. ஆறுதலுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனது.

அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். ஓட்டை அது வைத்ததுதான், ஆனால் அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மற்றபடி நான் சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை ஐயா. பச்சை இருந்தால் திறக்கலாம் என்பது சட்டம். சக்கரத்தில் கை வைக்கும்போது குழாய்க்குள்ளிருந்து, "அண்ணே, ஆள் இருக்கேன், இருங்க" என்று சத்தம் கேட்டது. செல்லை எடுத்து இன்னொரு தரம் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.