முன்னாலேயே அணைந்த லைட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். மடியில் லேப்டாப் வைத்திருந்த இளைஞனிடம் பக்கத்திலிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“எம் பொண்டாட்டிய மேடையில இருட்டுல நிறுத்துனது நீதான மச்சான்?”

முந்தின நாள் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் குழுவின் நாடகம் நடந்திருக்கிறது.

“லைட்டு உங்க பொறுப்பு மாமா.”

“நான் பட்டனையே தொடலியே. உன் லேப்டாப்புல மியூசிக் அந்த எடத்துக்கு வந்தா லைட்டு தானா அணையிற மாதிரிதான வச்சிருக்கோம்? அவ கடைசி வசனத்த ஆரம்பிக்கிறதுக்குள்ளயே அணைஞ்சிடுச்சி. அந்த எடத்த நீ முன்னால நகத்தி வச்சிருக்க.”

“சாப்ட்வேர் கோளாறா இருக்கும்.”

“போன ஊர்லயும் அதே எடத்துலயா கோளாறு வரும்? அவ பேர் வாங்குறது உனக்குப் புடிக்கல. சொந்த அக்காடா அவ!”

இளைஞன் லேப்டாப்பை மூடினான்.

“அக்காதான் நகத்தச் சொல்லுச்சி மாமா. அந்த வசனத்துல கத்தி அழுதா கொரலே நின்னு போவுதாம். லைட்டு அணைஞ்சிட்டா அதப் பேச வேணாம்ல. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துது. உங்களுக்குத் தெரிஞ்சா நடிக்கவே விடமாட்டீங்கன்னு பயப்படுது.”

அவர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பஸ் முட்லூரைத் தாண்டியபோது சொன்னார்.

“இன்னிக்கு சிதம்பரம் நாடகத்துல இன்னும் ரெண்டு வரி முன்னாலயே அணைய வை. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத.”