மடியில் இருந்த பிளக்

தும்பி, நான் எங்காவது தப்பாகச் சொன்னால் திருத்து.

இப்படி ஆரம்பிக்கக் கூடாது, செத்துப்போனவளைக் கூப்பிட்டால் அது வாக்குமூலம் ஆகாது என்று எழுதுகிற அதிகாரி சொன்னார். என் பெயரும் விலாசமும் முதல் தாளில் இருக்கின்றன. வயது ஐம்பத்திரண்டு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கணவர் இல்லை. இறந்துபோனது என் ஒரே மகள், வயது இருபத்தாறு. வீட்டில் அவளைத் தும்பி என்று கூப்பிடுவோம்.

என் மகள் வீட்டிலேயே வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்துக் கொடுத்தாள். போர்டுகளையும் மாற்றுவதற்கான பாகங்களையும் அனுப்புகிறவன், ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் சொந்தத் தம்பி. போர்டில் சின்னச் சின்னப் பீப்பாய் மாதிரி நிற்பவற்றைக் கப்பாசிட்டர் என்பார்கள். கெட்டுப்போனால் அதன் தலை வீங்கிவிடும். "தலைக்கனம் பிடிச்சதைக் கழட்டிட்டு அடக்கமானதை வைக்கிறேம்மா, மாமாவுக்கும் இப்படி ஒண்ணு மாத்திவிட்டா தேவலை" என்று சிரிப்பாள். கழற்றிய பழசு புதுசோடு கலந்துவிடக் கூடாதென்று, அதன் அடியில் இரண்டு கால்களுக்கும் நடுவே சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, தனியாக ஒரு பையில் போட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்புவாள்.

போன வருடம் இஸ்திரிப் பெட்டியின் பிளக் என்று நினைத்து போர்டுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வயரின் பிளக்கை நான் செருகிவிட்டேன். ஷாக் அடித்து, அவள் விரல் நுனி சுட்டதோடு போனது. அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு, போர்டில் கை வைக்கும்போதெல்லாம் அதன் பிளக்கை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொள்வாள். "உன்னை நம்ப மாட்டேம்மா, இது என் மடியிலயே கிடக்கட்டும்" என்பாள். வேலை முடியும்வரை அது மடியை விட்டு இறங்காது. இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு, என் தம்பி கொடுத்த புதுப் பாக்கெட்டைப் பிரித்தவள் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். வீங்கிய தலையை அமுக்கி மேலே புது உறை மாட்டியிருந்தது, ஆனால் கால்களுக்கு நடுவே அவள் வைத்த சிவப்புப் புள்ளி இருந்தது. பாக்கெட்டில் இருந்த பதினொன்றில் நான்கில் இருந்தது. அதன் பிறகு அன்று சாயங்காலம் என் தம்பி வந்தபோது வாசலிலேயே கேட்டாள்.

"ஏன் மாமா, நான் புதைச்ச பொணத்துக்கெல்லாம் புதுச் சட்டை மாட்டி என்கிட்டயே அனுப்புறீங்களே, நல்லாருக்கா?"

"வாய் ரொம்ப நீளுது. சொன்ன வேலையை மட்டும் பாரு."

"நாளைக்கு எங்கயாவது ஒரு வீடு பத்திக்கிட்டா, கை வச்சவ இவதான்னு என்னைக் காட்டுவீங்க. மெஷின் கொடுத்தவங்ககிட்ட நானே சொல்லிடுறேன்."

அவன் என்னைப் பார்த்து, "அக்கா, உன் பொண்ணை அடக்கி வை" என்றான். நான் என் மகளைத்தான் அதட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார்கள்.

சம்பவத்தன்று மத்தியானம் மூன்றரைக்கு நான் வேலையிலிருந்து திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. நான் வெளியே போனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அவள் மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். தொடப் போன நான், அவள் சொல்லிவைத்தது ஞாபகம் வந்து, முதலில் மெயின் சுவிட்சைத் துடைப்பக் கட்டையால் தட்டி அணைத்தேன், அதன் பிறகு அவளைத் தூக்கினேன், முகம் ஜில்லென்று இருந்தது. அதன் பிறகு தம்பிக்குப் போன் போட்டு, "தும்பி பேச மாட்டேங்கறா, ஓடி வா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவன், "அந்தப் போர்டை யாரும் தொடாதீங்க" என்றான். அவள் எப்போதும் போர்டும் கையுமாகத்தானே இருப்பாள், அதனால் சொன்னேன் என்று இப்போது சொல்கிறான். இருக்கலாம்.

போர்டின் பிளக் சுவரில் செருகியிருந்தது. ஈயம் வைக்கிற சூட்டுக்கோல் பக்கத்துத் துளையில் செருகி, தாங்கியில் சூடாக இருந்தது. அதனால் சூட்டுக்கோலுக்குப் பதிலாகப் போர்டைச் செருகிவிட்டாள் என்று சொல்ல வழியில்லை. கடைசியாக வைத்த கப்பாசிட்டரில் ஒரு காலுக்குத்தான் ஈயம் வைத்திருந்தது, இன்னொரு கால் சும்மா நின்றது. அது போர்டிலேயே இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். பாதி தைத்த சட்டையை யாராவது உடுத்திப் பார்ப்பார்களா? புள்ளி வைத்த அந்த நான்கையும் அவள் ஜன்னல் மேடையில் ஒரு டப்பா மூடியில் வைத்திருந்தாள். மூடி மட்டும் இருந்தது. நான்கும் இல்லை.

அதன் பிறகு பிணவறை வாசலில் என் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நாளைக்கே புள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றான். அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் கையை உதறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. யார் செருகியது என்று நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்ததாகவும் சொல்லவில்லை. என் மகள் செருகவில்லை. அந்த வார்த்தையை அவள் தலையில் எழுத நான் விடமாட்டேன்.

இதுவரை சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். கவனக்குறைவு என்ற வார்த்தையை என் தம்பி சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறதா, நான் சொன்னதாக எங்கும் இல்லையே என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை என்றார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். அப்படி எழுதும் வழக்கமில்லை என்றார், பிறகு எழுதினார்.

தும்பி, மடியில கிடந்த பிளக்கை இறக்கி வச்சுட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டியே, வந்தவங்களை வாங்கன்னு கூப்பிட்டியாடி?