குன்றத்தூர் சகோதரிகளில் மூத்தவள்

பாட்டுக்காரி என்றால் எல்லோரும் பாலில் மிளகைத் தட்டிப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். உங்கள் ஏட்டையாவும் அப்படித்தான் வாங்கி வந்தார். குடித்துவிட்டேன், குறையில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது டீ, சர்க்கரை தூக்கலாக. தொண்டைக்கு ஆகாது என்பார்கள். முப்பது வருடம் குடித்தேன். என் தொண்டை டீயால் கெடவில்லை, வயதால்தான் கெட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

பெயர் அம்சவல்லி, வயது ஐம்பத்திரண்டு. குன்றத்தூர் சகோதரிகள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நானும் என் தங்கை சசிகலாவும். அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைக்கோயில் தெருவில் ஒரே வீடு, கச்சேரிக்கு ஒரே நிறத்தில் புடவை. மார்கழியில் சென்னை சபாக்களில் மாலை நேரக் கச்சேரி எங்களுக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது யார் குரல் என்று தெரியாது என்பார்கள். அதைத்தான் எங்கள் பெருமையாக எல்லோரும் எழுதினார்கள்.

சசிக்குக் கிட்டப்பார்வை அதிகம். மேடையில் கண்ணாடி போட மாட்டாள். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆலாபனை முடிந்து பாட்டை எடுக்கும் இடத்தில் நான் அவள் மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டுவேன். தட்டியதும் இருவரும் ஒன்றாக எடுப்போம். முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவள் முந்தியதில்லை, பிந்தியதில்லை. ஏன் இப்போது என்று கேட்டதுமில்லை.

எங்கள் சுருதி ஐந்தரைக் கட்டை. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது சசியின் வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கச்சேரியில் உட்கார்ந்ததும் சுருதி ஐந்தில் இருப்பது தெரிந்தது. அவளைப் பார்த்தேன்.

"சளிக்கா. இன்னிக்கு என்னால மேல போக முடியாது. அஞ்சுலயே பாடிடலாம்," என்றாள்.

அந்தச் சளி போகவே இல்லை. அடுத்த வருடம் நாலரைக்கு இறங்கினோம். மேல் ஸ்தாயியில் நிற்க வேண்டிய இடங்களில் அவள் முன்பே திரும்பிவிடுவாள், நானும் கூடவே திரும்புவேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாக இருந்தது. என் குரல் மேலே போய் நிற்க மறுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பத்திரிகையில், இளையவரின் குரல் களைத்துவிட்டது, மூத்தவரின் நிதானம்தான் கச்சேரியைத் தாங்குகிறது என்று எழுதினார்கள். சசி அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் படித்தாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். மூச்சுப் பயிற்சி செய் என்று புத்தியும் சொன்னேன்.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மலைக்கோயிலுக்குப் போனேன். சன்னதியில் திரை போட்டிருந்தார்கள், நேரமாகும் என்றார்கள். தரிசனம் செய்யாமலே திரும்பி வந்தேன். வாசல் கேட்டைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே சசி பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணி. சுருதி ஐந்தரை. மேல் பஞ்சமத்தில் நின்றாள், அதற்கும் மேலே போனாள், அங்கே ஒரு குழந்தை மாதிரி விளையாடிவிட்டு இறங்கி வந்தாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையில் பிடித்திருந்த அர்ச்சனைத் தட்டில் கற்பூரம் வெயிலில் பாதியாகக் கரைந்திருந்தது. முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை.

கேட்டைத் திறந்தேன். கீல் சத்தம் கேட்டதும் பாட்டு நின்றது. பிறகு ஒரு இருமல்.

"வந்துட்டியாக்கா? தொண்ட எரியுது. கொஞ்சம் வெந்நீ வெச்சிக் குடு," என்றாள்.

எனக்காக இருமினாள், ஐயா. அதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் பொறாமைக்காரி இல்லை. அவள் என்னைவிட நன்றாகப் பாடியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தனியாகப் பாடப் போகிறேன் என்றிருந்தால் ஆசீர்வாதம் செய்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் இருமினாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆயுத பூஜை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பூஜை முடிந்து பகல் கச்சேரி. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சீருடையோடு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிப்பேர் தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். நல்ல கூட்டம், கைதட்டல் தாராளம். அன்றைக்கும் கல்யாணி. மேலே போக வேண்டிய இடம் வந்ததும் சசி என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு இறங்கினாள். வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கவாத்தியக்காரர்கள் எல்லோருக்குமே தெரிந்திருந்தது என்று அப்போது புரிந்தது.

சாப்பிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் பாபு பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்தினான். "டீ குடிக்கிறதுன்னா அந்தாண்ட போவணும் மேடம். இந்தாண்ட கடையே கெடையாது. ரோட்ட வேற தோண்டிப் போட்டுக்கினு கீறான், பாத்துப் போங்க," என்றான்.

சசி கைப்பையில் கண்ணாடியைத் தேடினாள்.

"எதுக்குடி? ரெண்டு நிமிஷம். நான் இருக்கேன்ல," என்றேன்.

அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. இருந்ததா என்று நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

டீ குடித்தோம். காருக்குத் திரும்ப ரோட்டோரம் வந்து நின்றோம். அவள் என் இடப்பக்கம் நின்றாள், மேடையில் உட்காருவது போலவே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வண்டிகள் வந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு பாலம். ஒரு பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டி எங்களைக் கடக்க எட்டு எண்ணிக்கை ஆனது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம். அடுத்து வந்த லாரிக்கும் அதே எட்டு. தாளம் எண்ணுவது எங்களுக்குப் பழக்கம்தான், அதில் தப்பில்லை.

"போலாமாக்கா?" என்றாள்.

"இரு," என்றேன்.

ஒரு கண்டெய்னர் லாரி பாலத்தைத் தாண்டியது. எண்ணினேன். ஐந்தாவது எண்ணிக்கையில் அவள் மணிக்கட்டில் விரலால் தட்டினேன். தட்டிவிட்டுக் கையை விட்டேன். அவள் இறங்கினாள். நான் இறங்கவில்லை.

தள்ளவில்லை. வா என்றுகூடச் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

லாரி ஓட்டியவர் பெயர் கொம்பையா, கோவில்பட்டிப் பக்கம். வண்டியை நிறுத்திவிட்டு ஓடாமல் வந்து நின்றார். "யம்மா, நிதானமாத்தான வந்தேன். நின்னுக்கிட்டு இருந்தவுக சட்டுன்னு எறங்கிட்டாகளே. நீங்க பாத்தியள்லா யம்மா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட்டம் அவரை அடித்தது. பிறகு காவல் நிலையத்தில், லாரி கண்மூடித்தனமான வேகத்தில் வந்தது, ஹாரன் அடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலும் அதையே சொன்னேன். நான் சாட்சி சொல்ல வந்தபோது ஒரு வக்கீல் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். என்னை யாரும் குறுக்கே கேள்வி கேட்கவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவளிடம் என்ன கேட்பார்கள்? கொம்பையாவுக்கு ஒன்றரை வருடம் தண்டனை.

ஆறு மாதம் கழித்துத் தனியாகப் பாட ஆரம்பித்தேன். சசி பாட வேண்டிய வரி வந்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். சபையில் அழுவார்கள். தங்கைக்காக இடம் விட்டுப் பாடுகிறார் என்று எழுதினார்கள். சேர்ந்து பாடிய காலத்தில் வராத விருதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் இடம் விடவில்லை, ஐயா. அந்த இடத்தில் எனக்கு ஒரு இருமல் கேட்கும். பாட்டாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. இருமல் கேட்கும், பிறகு ஒரு காத்திருப்பு. நான் மேலே போகப் போகிறேனா, இறங்கப் போகிறேனா என்று பார்ப்பது போல. வீட்டில் பட்டப்பகலில் சமையலறையில் கேட்கும். "இரு, வெந்நீ வெக்கிறேன்," என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். வைத்தும் இருக்கிறேன். டம்ளர் ஆறிப்போய் அப்படியே இருக்கும்.

போன வியாழக்கிழமை காலை கொம்பையா வீட்டுக்கு வந்தார். விடுதலையாகி ஒரு வருடம் ஆகிறதாம். லைசன்ஸ் போய்விட்டது. ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை. கூட அவர் மனைவி தங்கமாரி, தொழிற்சாலைச் சீருடையோடு, ஷிப்டு முடித்துவிட்டு நேரே வந்திருந்தாள். உள்ளே வந்ததும் கொம்பையா என் காலில் விழுந்தார்.

"யம்மா, நாந்தான் கொன்னுட்டேன். கோர்ட்டுல இல்லன்னு சொன்னேன். இப்பம் யோசிக்கயில வேகமாத்தான் வந்துருப்பேன்னு தோணுது. ஆரன் அடிச்சேனா இல்லயான்னே ஞாபகம் இல்ல. கண்ண மூடுனா அவுகதான் வாராக. நீங்க ஒரு வார்த்த மன்னிச்சேன்னு சொன்னாத்தான் நான் தூங்குவேன்."

அவர் ஹாரன் அடித்தார், ஐயா. இரண்டு தடவை. சசி அதைக் கேட்டாள். ஆனால் என் விரலை நம்பினாள்.

நான் அவர் தோளைத் தொட்டு எழுப்பினேன். மன்னித்தேன் என்றேன். அவர் சத்தம் போட்டு அழுதார். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார். முகம் தெளிந்துவிட்டது. தங்கமாரி டீயைத் தொடவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று திரும்பினாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"யம்மா, நீங்க அவுக கையப் பிடிச்சிக்கிட்டு நின்னீகன்னு இவுக சொன்னாக. அவுக எறங்கயில நீங்க ஏன் எறங்கல?"

இத்தனை வருடத்தில் போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரர்கள் யாருமே கேட்காத கேள்வி. நான் வாயைத் திறந்தேன். பதில் வர வேண்டிய இடத்தில் ஒரு இருமல் வந்தது. என் தொண்டையிலிருந்துதான் வந்தது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்து, இருபுறமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடம் சொல்லிவிட்டேன். சசிகலாவைக் கொன்றது நான். லாரி வருவது தெரிந்து, எண்ணி, தட்டினேன். கொம்பையாவின் பெயரில் இருக்கும் குற்றத்தை எடுத்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நான் சொன்னது பொய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியாழக்கிழமை கொம்பையாவை மன்னித்தேன் என்று சொன்னதில் பொய் கிடையாது, ஐயா. மனதார மன்னித்தேன்.