மூணு திங்கக்கிழமை

எனக்கு டீ வேண்டாம் சார். நீங்க குடிங்க, ஆறிப்போகுது. நான் நிதானமாவே சொல்றேன், எழுதிக்கறவருக்கும் கை வலிக்காது.

குடியை விட வைக்கிற அந்த இல்லத்துல ஒன்பது வருஷமா உதவி ஆலோசகரா இருக்கேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், மத்த நாளெல்லாம் நான்தான். என்னைவிட வயசானவங்ககூட அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. திங்கக்கிழமை காலையில சிறுநீர் சோதனை. கப்பை வாங்கிப் பேர் ஒட்டி அனுப்பறது என் வேலை. தொடர்ந்து மூணு திங்கள் சுத்தமா இருந்தா வீட்டுக்குப் போகலாம்.

என் தம்பியும் அங்கேதான் இருந்தான். மூணு திங்கள் தாண்டினதும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தது நான். பதினோராம் நாள் பஸ் ஸ்டாண்டுல குடிச்சுட்டுச் செத்துக் கிடந்தான், முகத்துல ஈ மொய்ச்சுக்கிட்டு. அதோட அந்த மூணுங்கற கணக்கு மேல எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு.

நீங்க விசாரிக்கிற அந்தத் தச்சர் குடியை விட எங்ககிட்ட வந்து சேர்ந்தது போன வருஷம். வந்த வாரமே ஆடிக்கிட்டிருந்த என் மேசைக் காலைச் சரி பண்ணிட்டார். வாய் ஓயாத மனுஷன். "அக்கா, எங்கப்பா வெளியூர்ல கப்பல் கட்டறார்னு என் பொண்ணு பள்ளிக்கூடம் பூரா சொல்லி வெச்சிருக்கா. போனதும் ஒரு கப்பலாவது கட்டிக் காட்டணும், இல்லேன்னா மானம் போயிடும்"னு சிரிப்பார். சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாகும். என் தம்பிக்கும் அப்படித்தான்.

ரெண்டு திங்கள் சுத்தம். மூணாவது திங்கள், முந்தின நாள் குடிபோதையில வந்து சேர்ந்த ஒருத்தரோட கப்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து தச்சர் கப்புல ஊத்தினேன். இன்னும் கொஞ்ச நாள் பத்திரமா இருக்கட்டும்னுதான்.

"நான் குடிக்கலக்கா"ன்னார். எங்க தொழில்ல அந்த வார்த்தைக்கு மதிப்பில்ல சார். குடிச்சவங்க எல்லாரும் சொல்றது அது. இல்லேன்னு சாதிக்கறதே நோயோட அறிகுறின்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. டாக்டரும் அப்படியே குறிச்சுக்கிட்டார்.

மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். எண்ணினார். ஒவ்வொரு மூணாவது திங்களும் நான் ஊத்தினேன். புதுசா வர்றவங்களுக்கு எங்ககிட்ட பஞ்சமே கிடையாது. மொத்தம் நாலு தடவை.

ரெண்டாவது தடவை, அதுல ஏதாவது சாராயம் கலந்திருக்குமோன்னு பற்பசையை மாத்தினார், இருமல் மருந்தை நிறுத்தினார். மூணாவது தடவை என் அறைக்கு வந்து கதவைச் சாத்திட்டுக் கேட்டார். "அக்கா, தூக்கத்துல எழுந்து போய்க் குடிக்கிறேனோ? சத்தியமா எனக்கே தெரியல. படுக்கும்போது என்னைக் கட்டிலோட கட்டிடுங்க."

கட்டினேன். துண்டை மடிச்சு, வலிக்காத மாதிரிதான். ரெண்டு கையையும் அவரே நீட்டினார். அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னா அவர் போயிடுவாரே.

நாலாவது முடிவு வந்த அன்னைக்கு அவர் சம்சாரம் போன் பண்ணினாங்க. "இனிமே தேறுவாரா, உண்மையைச் சொல்லுங்க"ன்னாங்க. சொல்ல முடியாதும்மான்னேன். பொண்ணைக் கூட்டிட்டு அம்மா வீட்டோட போயிடறேன்னாங்க. தச்சர்கிட்ட அதைச் சொன்னதும் நான்தான். அவர் அழல. "என்னை எனக்கே நம்ப முடியல, அவ எப்படிக்கா நம்புவா"ன்னார். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சப்போ வரல. தேடிப் போய்ப் பார்த்தது நான். மிச்சம் உங்க ஃபைல்ல இருக்கு.

பிரேதப் பரிசோதனையில உடம்புல ஒரு சொட்டு சாராயம் இல்லேன்னு வந்ததாலதானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. நான்தான் அவரைச் சாகடிச்சேன்னு எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தப் பொண்ணு வளர்ந்து கேட்டா ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அவ அப்பா என் தம்பி மாதிரிப் போகல, குடிக்காமத்தான் போனார். அவ்வளவு தூரம் நான் அவரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கேன்.