எட்டு எண்ணும் வரை

– இப்பவும் அதே கதைதான் சார். ‘அம்மா’ன்னு அடிக்கறேன், திரையில ஒண்ணும் விழல. விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சா ஒரே ஒரு எழுத்து வருது, அதுவும் வேண்டா வெறுப்பா.

– பொறுமை மேடம், பொறுமை. என் கடைக்கு வர்ற கம்ப்யூட்டர் எல்லாம் முதல்ல இப்படித்தான் அடம் பிடிக்கும். போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வைங்க. கீபோர்டு வயர் உள்ளதா, இல்லாததா?

– வயர் உள்ளது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல.

– அப்ப வயரைப் பிடுங்கி, பெட்டிக்குப் பின்னாடி வேற ஓட்டையில சொருகிப் பாருங்க.

– நீ நகரு, நான் சொருகறேன்.

– நீங்க உக்காருங்க. மேஜைக்கு அடியில நானே பூந்துக்கறேன்.

– பாத்தீங்களா சார்? எழுபது அடி உயரத்துல உக்காந்து கிரேன் ஓட்டறவன் நான். ஒரு வயர் சொருகறதுக்கு வீட்டுல என்னை நம்ப மாட்டாங்க.

– வீட்டுக்காரரா? வணக்கம் சார். வீட்டுல எல்லாரும் கீழ்த்தளம்தான் சார், கண்டுக்காதீங்க. மேடம், என்ன ஆச்சு?

– சொருகிட்டேன். அதேதான். சார், மணி பத்து முப்பத்தெட்டு. பதினோரு மணிக்கு எனக்குப் பரீட்சை. கோர்ட்டுல பேசறதைக் கேட்டு வீட்டுல இருந்தே டைப் பண்ற வேலை. பத்து நிமிஷத்துல முந்நூத்தி அம்பது வார்த்தை அடிக்கணும். இந்த வேகத்துல போனா என் பேரை அடிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும்.

– வேற கம்ப்யூட்டர்ல எழுத முடியாதா?

– முடியாது. எந்த கம்ப்யூட்டரைப் பதிவு பண்ணினோமோ அதுலதான் எழுதணும், அதோட கேமராவுல என் மூஞ்சி தெரியணும். இதை விட்டா அடுத்த வருஷம்தான்.

– பதறாத. லோடு தொங்கும்போது பதறினா கயிறுதான் ஆடும்.

– உங்க கிரேன் தத்துவத்தை சாயங்காலம் கேக்கறேன்.

– சரி மேடம், நெட்ல வேற என்னென்ன திறந்து வெச்சிருக்கீங்களோ எல்லாத்தையும் மூடிட்டு, ஒரு தடவை மொத்தமா அணைச்சுப் போடுங்க. பாதி வியாதி தூங்கி எழுந்தாலே போயிடும்.

– அணைச்சுட்டேன். கடவுளே, சீக்கிரம் எழுந்து தொலையேன்.

– எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன். அது எழுந்திருக்கறதை நான் பாத்துக்கறேன்.

– உங்க பக்கத்துலயே டம்ளர் இருக்கு.

– அரை டம்ளர்தான் இருக்கு. இப்பல்லாம் எதைக் கேட்டாலும் அரை டம்ளர்தான் வருது.

– தாகம் இருந்தா ரெண்டு தடவை குடிங்க. சார், எழுந்துடுச்சு. பாஸ்வேர்டு அடிக்கறேன்... அதுவும் போகல சார். ஒவ்வொரு எழுத்தா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கேன். அதே பாடுதான்.

– எப்ப இருந்து இப்படி?

– நேத்து மத்தியானம் வரைக்கும் மழை மாதிரி கொட்டிச்சு. காலையில உக்காந்தா இந்தக் கோலம்.

– நடுவுல யாராவது தொட்டாங்களா?

– யார் சார் தொடப்போறா? இருக்கறது நாங்க ரெண்டு பேர். இந்தா பாரும்மா, ஒரு பரீட்சை போனா போகட்டும். இதுக்கா இப்படித் தவிக்கற? என் சட்டைப் பட்டன் பூராத்தையும் பிச்சுட்டு பிரஸ் பட்டன் வெச்சுத் தெச்சியே, அது மாதிரி இதுவும் பொழுது போகாமத்தான் செய்யறேன்னு நெனச்சேன்.

– பிரஸ் பட்டன் இப்ப பேஷன். பொழுது போகாம இல்ல.

– மேடம், ஒரு நிமிஷம். அழுத்திப் பிடிச்சா வருது, தட்டினா வரலன்னு சொன்னீங்க இல்ல? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அதுல செட்டிங்ஸ்னு ஒண்ணு...

– சந்தேகமே வேண்டாம் சார், கீபோர்டுதான் செத்துப்போச்சு. இந்தாம்மா, மாடி வீட்டு டீச்சர்கிட்ட ஒரு கீபோர்டு இருக்கில்ல? ஓடிப்போய் வாங்கிட்டு வா.

– அவங்க வீட்டுல இருப்பாங்களா?

– போய்ப் பாத்தாத்தானே தெரியும்? ஓடு, இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

– சார், போனை வெச்சிடாதீங்க. நான் வந்துடறேன். நீங்க எதையும் தூக்காதீங்க, தொடாதீங்க, சும்மா உக்காருங்க.

– போயிட்டாங்களா சார்?

– போயிட்டா. சார், சீக்கிரம் கேளுங்க. இது ரிப்பேர் இல்ல. நான்தான் போட்டு வெச்சேன்.

– கீயை ரொம்ப நேரம் பிடிச்சாத்தான் எழுத்து விழற செட்டிங்கா?

– அதேதான். நேத்து சாயங்காலம் அவ கடைக்குப் போயிருந்தப்ப போட்டேன். வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கதவைத் திறந்துட்டா. காலையில இருந்து இந்த நாற்காலியை விட்டு அவ எந்திரிக்கவே இல்ல.

– எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்தது. ஆனா சார், அது கை நடுங்கறவங்களுக்காக வெச்சிருக்கற வசதியாச்சே.

– ஆமா.

– ஓ.

– கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுத உக்காந்தேன். ‘ஐயா’ன்னு அடிச்சா ‘ஐஐஐயயா’ன்னு வருது. நேர்ல கேட்டா கண்ணு கலங்கிடும்னுதானே லெட்டர் எழுதறேன், அதுலயும் என் கை திக்குது. கிரேன்ல இருந்து என்னை இறக்கி விட்டுடுங்கன்னு எழுதணும். பாதியில நிக்குது.

– டாக்டர்கிட்ட போனீங்களா?

– நரம்புக் கோளாறு, போகப் போகக் கூடும்னுட்டார். நேத்து ஒரு லோடு ஒரு முழம் ஆடிச்சு சார். கீழ நாலு பேர் நின்னாங்க.

– வீட்டுல சொல்லலையா?

– எந்த வாயால சொல்றது? நான் இறங்கிட்டா இந்த வீட்டுல எப்படி அடுப்பு எரியும்? அவ பாவம், ஒண்ணும் தெரியாம இருக்கா. அது போகட்டும், இதை எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க. மவுஸ் வேண்டாம். அந்தச் சின்னப் பொட்டு மேல அம்பை நிறுத்தறதுக்கே நேத்து அரை மணி ஆச்சு.

– மவுஸே வேண்டாம். வலது பக்கம் ஷிஃப்ட் கீ இருக்கில்ல, அதை எட்டு செகண்ட் விடாம அழுத்திப் பிடிங்க. தானா போயிடும். நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு...

– விட்டுடுச்சு.

– பரவால்ல, மறுபடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...

– எகிறிடுச்சு சார்.

– இன்னொரு கையை மேல வெச்சு அழுத்துங்க.

– அது இதுக்குத் தம்பி சார். அண்ணன் ஆடறதைப் பாத்து அதுவும் ஆடும். எட்டு செகண்ட்... எழுபது அடியில எட்டு மணி நேரம் ஒரு டன்னை அசையாம பிடிச்சவன் சார் நான்.

– கனமா ஏதாவது எடுத்து அது மேல வைங்க.

– இருங்க, பேப்பர் வெயிட்... படியில சத்தம் கேக்குது. வந்துட்டா. சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவகிட்ட சொல்லிடாதீங்க.

– கிடைச்சிடுச்சு. டீச்சர் குளிச்சுக்கிட்டு இருந்தாங்க, கதவைத் தட்டியே என் கை வீங்கிப்போச்சு. இதோ, சொருகிட்டேன். சார், இதுலயும் அதேதான். புது கீபோர்டுலயும் வரல சார்.

– மேடம்...

– மணி பத்து அம்பத்தி மூணு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. மூணு மாசம் சார். அடுப்படியில சோறு வேகற நேரத்துல மேடை மேல விரலைத் தட்டித் தட்டிப் பழகினேன். பஸ்ஸுல போறப்ப மடியில தட்டுவேன், பக்கத்துல இருக்கறவங்க எனக்குப் பித்துப் பிடிச்சிடுச்சுன்னு தள்ளி உக்காருவாங்க. ஒரு நாள் விடல. கடைசியில இந்தப் பாழாப்போன பெட்டி என் கழுத்தை அறுக்குதே.

– அழாத. இந்த வேலை கிடைக்கலன்னா என்ன? நான் இல்லையா?

– அதை மட்டும் கேக்காதீங்க. இப்ப கேக்காதீங்க.

– சார், நீங்க சொல்றீங்களா? மேடம் இப்படி அழறதைக் கேட்டுக்கிட்டு என்னால போனைப் பிடிச்சிருக்க முடியல.

– என்ன சொல்லணும்? ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?

– நானே சொல்றேன் சார். இந்தாம்மா, கண்ணைத் துடை. கம்ப்யூட்டர் கெட்டுப் போகல. நேத்து நான்தான் அதை மெதுவாக்கி வெச்சேன். கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதணும், கிரேனை விட்டு இறங்கறேன்னு. எனக்கு... எழுத்து ரெட்டை ரெட்டையா விழுந்தது. உனக்குத் தெரியக்கூடாதுன்னு திருட்டுத்தனமா பண்ணினது உன் தலையிலயே வந்து விடிஞ்சிடுச்சு. என்னைத் திட்டணும்னா திட்டிக்க.

– திட்ட நேரமில்ல. எப்படி எடுக்கறது?

– வலது ஷிஃப்டை எட்டு செகண்ட் பிடிக்கணும். நான் பிடிச்சுப் பாத்தேன். அஞ்சுக்கு மேல நிக்கல.

– விரலை வைங்க.

– நீயே அழுத்தலாமே, நேரமாகுது.

– வைங்கன்னு சொல்றேன் இல்ல? மேல என் கை இருக்கு. சார், எண்ணுங்க.

– ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. அப்படியே பிடிங்க. ஏழு. எட்டு. ஏதாவது சத்தம் வந்துச்சா மேடம்?

– டொய்ங்னு வந்துச்சு. இருங்க, அடிச்சுப் பாக்கறேன். அம்மா, அம்மா, அம்மா. விழுது சார். தண்ணி மாதிரி போகுது.

– அப்பாடா. மணி பத்து அம்பத்தேழு. பரீட்சையைத் திறங்க மேடம். நான் போனை வெக்கறேன். நல்லா எழுதுங்க. சார், உடம்பைப் பாத்துக்கோங்க.

– ரொம்ப நன்றி சார். ஏங்க, ஏன் அங்கயே நிக்கறீங்க? கேமராவுல தெரிவீங்க, அந்தக் கட்டில்ல போய் உக்காருங்க. இது முடியட்டும், அந்த லெட்டர்ல மிச்சத்தை நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சுத் தரேன்.

– ஏன் ரெட்டை ரெட்டையா விழுந்துச்சு, என் கைக்கு என்னன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலையே.

– உங்க சட்டைக்கெல்லாம் பட்டன் மாத்தினேனே, அன்னிக்கே இந்த வேலைக்கு எழுதிப் போட்டுட்டேன்.