கக்கூஸுக்கு உப்பு

"கக்கூஸுக்கு உப்பு பத்தல. அவ்ளோதான் விஷயம்."

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கைக்காரர் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். அவர் புதுச்சேரியில் படகுகளுக்கு ஒயரிங் செய்பவராம்.

"பாய்மரப் படகும்மா அது. கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ணி வெளிய வுட ஒரு மிஷின் மாட்டினேன். உப்புத்தண்ணில கரண்ட் பாய்ஞ்சாதான் கிருமி சாவும். ஓடவே இல்ல. பேட்டரி மாத்தினேன், ஒயர தடியா போட்டேன். மிஷினயே எரிச்சிட்டேன்னு நெனச்சி, மொதலாளி கூப்புடுவாருன்னு போனையே ஆஃப் பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"மழையில ஆத்துத்தண்ணி வந்து, படகு நிக்கிற எடத்துல உப்பு கம்மியாயிடுச்சி. சமையல் உப்ப ரெண்டு கை அள்ளி கக்கூஸ்ல போட்டேன். ஓடிச்சி. வேல தப்பிச்சிது."

அந்தம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"போன் எடுக்கலியே, உனுக்கு இன்னா ஆச்சோன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு நான் உப்பில்லாம துன்னுக்கினு கெடந்தேன். நீ அங்க கக்கூஸ்ல கொட்டிக்கினு இருந்தியா?"

அவர் உப்புக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அந்தம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறி முடிக்கும்வரை கணவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.