பரீட்சைக்கு நிறுத்திய வெடி

அச்சங்குளத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் சேலை கட்டியவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"எம் மக பரீட்சைக்காக நேத்து பட்டாசுக் கம்பெனியில ஒரு வெடிகூடப் போடல, மதினி."

"வெளிநாட்டுக் காலேஜு பாடம்னியே, அதுக்கா?"

"ஆமா. வீட்லயே கம்ப்யூட்டர்ல படிக்கா. வாத்தியாரு அங்கன இருந்து கேள்வி கேப்பாரு, இவ வாயால பதில் சொல்லணும். தேறலன்னா இங்க காலேஜ்ல அந்தப் பாடத்தச் சேத்துக்கிட மாட்டாகளாம்."

"அதுக்கும் வெடிக்கும் என்ன?"

"சாயங்காலமானா கம்பெனியில சாம்பிள் வெடிச்சுப் பாப்பாகல்ல, வீடு வரைக்கும் அதிரும். மொத வகுப்புல சத்தம் கேட்டு வாத்தியாரு குண்டு விழுதுன்னு பதறி, மேசைக்கடியில ஒளிஞ்சுக்கோம்மான்னுட்டாராம்."

மதினி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். அந்தப் பெண் தேறினாளா என்று தெரிவதற்குள் நான் இறங்க வேண்டிய சாத்தூர் வந்துவிடுமோ என்று பயம்.

"போர்மேன் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். நம்ம பிள்ளை பேசுறப்ப நாம சத்தம் போடலாமான்னு சாம்பிள எல்லாம் எடுத்து வச்சுட்டாரு."

"பாஸா?"

"பாஸு. கடைசியில வாத்தியாரு, இன்னைக்கு ஏன் சத்தமே காணோம், ஊர்ல எல்லாரும் சுகந்தானேன்னு கேட்டாராம். எனக்காக நிறுத்தி வச்சிருக்காகன்னு இவ சொல்லிருக்கா. நான் அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுதுன்னு வாசல்ல நின்னு கம்பெனியப் பாத்துக் கையக் காட்டிட்டேன். எடுத்து வச்ச அம்புட்டையும் அண்ணாச்சி பத்த வச்சுட்டாரு."

"வாத்தியாரு மேசைக்கடியில போயிட்டாராக்கும்?"

"இல்ல மதினி. எந்திரிச்சு நின்னு கை தட்டினாராம்."